ஆரையம்பதியில் கிணற்றடித் தளம், கேற் தூண்: நாங்களே கொங்கிறீட் குழைக்கலாமா?

ஆரையூர்ப் பொடியன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு மட்டக்களப்பு ஆரையம்பதியில், கடலுக்கும் வாவிக்கும் நடுவில். கிணற்றடித் தளம் வெடித்துப்போய், குளித்த தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே இறங்குகிறது. அதை உடைத்து 10 அடிக்கு 8 அடி, 4 அங்குலத் தடிப்பில் புதிதாகப் போட வேண்டும். கூடவே கேற் தூண் இரண்டு, குளியலறைத் தண்ணீர் போகும் குழிக்கு 4 அடிச் சதுரத்தில் ஒரு மூடி. சின்ன வேலை என்பதால் மேசன்மார் நாள் தருகிறார்கள் இல்லை. நானும் தம்பியும் சேர்ந்து செய்யலாம் என்று யோசிக்கிறோம்.

சீமெந்து, மண், சல்லி ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்கிறார்கள். அதை எதனால் அளப்பது? மெசின் வாடகைக்கு எடுக்கவா, கையால் குழைத்தால் போதுமா? மண் கொண்டுவரும் ட்ரக்டர்காரர் ஆற்று மண்ணும் இருக்கிறது, அதைவிட மலிவாக வெள்ளை மண்ணும் இருக்கிறது என்கிறார். கிணற்றுத் தண்ணீர் மாரியில் நல்லது, இப்போது கொஞ்சம் சவர். அதிலேயே குழைத்தால் பிழையா?

கல்முனை மேசன்

தம்பி, தாராளமாகச் செய்யலாம். கையால் குழைப்பது கேவலமான வேலை இல்லை. இந்தக் கரையில் பழைய வீடுகள் எல்லாம் மண்வெட்டியால் குழைத்துக் கட்டியவைதான். ஆனால் ஒழுங்காகக் குழைக்க வேண்டும்.

நிலத்தில் நேரடியாகக் குழைக்காதே. பழைய தகரம் இரண்டை விரி, இல்லாவிட்டால் சீமெந்துத் தரையைக் கழுவி எடு. முதலில் மண்ணைப் பரப்பி அதற்கு மேல் சீமெந்தைக் கொட்டு. தண்ணீர் இல்லாமல் இரண்டையும் ஒரே நிறம் வரும்வரை புரட்டு. வெள்ளையும் சாம்பலுமாகக் கோடு கோடாகத் தெரிந்தால் இன்னும் கலக்கவில்லை என்று அர்த்தம். அப்புறம் சல்லியைக் கொட்டித் திரும்பவும் புரட்டு. அதன் பிறகுதான் நடுவில் பள்ளம் எடுத்துத் தண்ணீர். எல்லாத் தண்ணீரையும் ஒரேயடியாக ஊற்றினால் ஓரத்தால் உடைத்துக்கொண்டு ஓடும். ஓடுவது வெறும் தண்ணீர் இல்லை, உன் சீமெந்து.

இரண்டு பேருக்கு அரைப் பைக் கலவை சரியாக வரும். முழுப் பையைக் கொட்டினால் நானூறு கிலோவுக்குக் கிட்டப் புரட்ட வேண்டும். கடைசிப் பாதி வருவதற்குள் முதுகு போய்விடும், பிறகு கலப்பதில் கள்ளம் வரும்.

கட்டடக்காரி

கல்முனைக் காக்கா (அண்ணன்) சொன்ன முறை சரி. நான் இந்தக் கிழக்கு மாவட்டங்களில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்தவள். அளவுகளை நான் சொல்கிறேன். அதற்கு முன்பு ஒரு கேள்வி: 10 அடிக்கு 8 அடி என்றது கிணற்றையும் சேர்த்தா? கிணற்றுக் கட்டின் வெளி விட்டம் எவ்வளவு?

ஆரையூர்ப் பொடியன்

சேர்த்துத்தான் அக்கா. கிணறு நடுவில். வெளி விட்டம் 5 அடி.

கட்டடக்காரி

அப்படியென்றால் 80 சதுர அடியில் கிணறு ஏறத்தாழ 20 சதுர அடியைத் தின்றுவிடுகிறது. மிச்சம் 60. அதை 4 அங்குலத்தால் பெருக்கினால் 20 கன அடி.

ஒரு 50 கிலோப் பை சீமெந்து ஒன்றேகால் கன அடி, அதாவது 35 லீற்றர். 1:2:4 என்றால் இரண்டரைக் கன அடி மண், ஐந்து கன அடி சல்லி. மொத்தம் எட்டேமுக்கால் கன அடி போட்டாலும் குழைத்து இறுக்கிய பிறகு கிடைப்பது ஐந்தேமுக்கால் கன அடிக்குச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். சல்லிக்கு இடையில் மண்ணும், மண்ணுக்கு இடையில் சீமெந்தும் போய் உட்கார்ந்துகொள்ளும். இது தெரியாமல்தான் பலர் பாதி வேலையில் பை முடிந்து கடைக்கு ஓடுகிறார்கள்.

எனவே தளத்துக்கு மூன்றரைப் பை. கையால் குழைப்பதற்குப் பத்து வீதம் கூடுதல் சீமெந்து சேர்ப்பது வழக்கம், ஆகவே நாலு பை. தூண்கள் 9 அங்குலச் சதுரம், 6 அடி உயரம், கீழே 2 அடிச் சதுரத்தில் 9 அங்குலப் பாதம் என்று வைத்தால் இரண்டுக்கும் சேர்த்துப் பதின்மூன்று கன அடி. நீங்கள் கடலுக்குக் கிட்ட இருப்பதால் தூணுக்கு 1:1½:3 போடுங்கள், மூன்று பை தாராளமாகப் பிடிக்கும். மூடிக்கு ஒன்றரைப் பை. மொத்தம் 9 பை வாங்கினால் போதும். மண் கால் கியூப், அதாவது 25 கன அடி. முக்கால் அங்குலச் சல்லி 40 கன அடி. ஒரு கியூப் என்பது 100 கன அடி என்பதை மறந்துவிடாதீர்கள். ட்ரக்டர் பெட்டியில் வரும் ‘ஒரு லோட்’ ஒரு கியூப் ஆகாது, நாடா வைத்து அளந்து பாருங்கள்.

இனி எதனால் அளப்பது என்ற கேள்வி. மண்வெட்டி கூடவே கூடாது. ஈர மண் மண்வெட்டியில் மலையாக நிற்கும், சல்லி உருண்டு விழும், சீமெந்து வழுக்கும். ஆளுக்கு ஆள், நேரத்துக்கு நேரம் மாறும். 20 லீற்றர் பெயின்ற் வாளி ஒன்றை எடுத்து, பதினேழரை லீற்றர் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் உள்ளே கோடு கீறுங்கள். அரைப் பை சீமெந்துக்கு அந்தக் கோடுவரை இரண்டு வாளி மண், நாலு வாளி சல்லி. சீமெந்தை மட்டும் வாளியால் அளக்க வேண்டாம். கொட்டும்போது பொங்கும், நிறைந்த மாதிரித் தெரியும், எடை குறைவாக இருக்கும். பையைப் படுக்க வைத்து நடுவில் மண்வெட்டியால் வெட்டி இரண்டு பாதியாகப் பிரியுங்கள்.

கல்முனை மேசன்

பெட்டி அடிப்பதுதான் நல்லது. 12 அங்குலம், 12 அங்குலம், 15 அங்குலம். அடி இல்லாத பெட்டி, இரண்டு பக்கமும் கைபிடி. மண்ணை நிரப்பி மேலே பலகையால் வழித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினால் அளவு நிலத்தில் இருக்கும். எங்கள் வாப்பா காலத்தில் இது இல்லாமல் கொங்கிறீட் போட்டதே இல்லை. இப்போது தாச்சியில் அள்ளிப் போடும் கணக்கு வந்து எல்லாம் கெட்டுப்போனது.

வலையிறவு விவசாயி

நான் மாட்டுப் பட்டிக்குத் தரை போட்டவன். மண் ஈரமாக இருந்தால் அளவு மாறும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அது எவ்வளவு உண்மை?

கட்டடக்காரி

முழு உண்மை. நல்ல கேள்வி கேட்டீர்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் அளவு பேசுகிறார்கள்.

ஈர மண்ணில் ஒவ்வொரு மணியையும் சுற்றி மெல்லிய தண்ணீர்ப் படலம் நின்று மணிகளைத் தள்ளி வைக்கும். அதனால் மண் பொங்கி நிற்கும். ஐந்து வீதம் ஈரம் இருந்தாலே கன அளவு கால் பங்குவரை கூடலாம், நொய் மண்ணில் அதைவிடவும் கூடும். சோதிப்பது சுலபம். நேர்ப்பக்கம் உள்ள ஒரு வாளியில் 12 அங்குல உயரத்துக்கு ஈர மண்ணை அமுக்காமல் போடுங்கள். பிறகு மண் மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கம்பியால் கிண்டி விடுங்கள். மட்டம் இறங்கும். ஒன்பதரை அங்குலத்தில் நின்றால், இரண்டு வாளி போட வேண்டிய இடத்தில் இரண்டரை வாளி ஈர மண் போட வேண்டும். நான் 25 கன அடி மண் என்று சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

அதே ஈரம் இன்னொரு பக்கமும் கணக்கில் வரும். ஒரு பைக்குப் போகும் மண் ஏறத்தாழ 110 கிலோ. அதில் ஐந்து வீதம் ஈரம் என்றால் ஐந்தரை லீற்றர் தண்ணீர் ஏற்கனவே கலவைக்குள் இருக்கிறது. நீங்கள் ஊற்றும் தண்ணீரில் அதைக் கழிக்க வேண்டும்.

ஆரையூர்ப் பொடியன்

அப்படியென்றால் தண்ணீர் எவ்வளவு அக்கா? ‘தோசை மாவு மாதிரி’ என்று ஒருவர் சொன்னார்.

கட்டடக்காரி

அந்தப் பதத்தில் கொங்கிறீட் போடவே கூடாது. இந்த இழையில் நான் சொல்பவற்றில் ஒன்றை மட்டும் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள்: கொங்கிறீட்டின் பலத்தைத் தீர்மானிப்பது பை எண்ணிக்கையைவிட அதில் ஊற்றும் தண்ணீர்தான்.

1918 இல் அமெரிக்காவில் டஃப் ஏப்ரம்ஸ் என்பவர் ஏராளமான கலவைகளை உடைத்துப் பார்த்துச் சொன்னது இதைத்தான். தண்ணீருக்கும் சீமெந்துக்கும் உள்ள விகிதம் ஏற ஏறப் பலம் விழும். 50 கிலோ சீமெந்து வேதியியலாக இறுகப் பன்னிரண்டு லீற்றர் அளவு தண்ணீர் போதும். மிச்சம் எல்லாம் நாம் வாரவும் கொட்டவும் வசதிக்காக ஊற்றுவது. அந்த மிச்சத் தண்ணீர் காய்ந்து வெளியேறும்போது அது இருந்த இடம் துளையாக நிற்கும். பலம் குறைவதும் அதனால்தான், உப்பும் ஈரமும் உள்ளே போவதும் அந்தத் துளைகள் வழியாகத்தான்.

ஒரு பைக்கு மண்ணின் ஈரத்தையும் சேர்த்து 25 லீற்றரில் தொடங்குங்கள். 30 ஐத் தாண்ட வேண்டாம். 25 போதுமான இடத்தில் 35 ஊற்றினால் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விடும். அந்தப் பத்து லீற்றருக்குப் பிறகு எவ்வளவு நல்ல சீமெந்து வாங்கியும் பயன் இல்லை.

பதம் பார்க்க: குவியலை மண்வெட்டியின் முதுகால் அழுத்தி இழுங்கள். மேலே பசை பளபளவென்று மூடி வர வேண்டும், ஆனால் குவியல் தன் உருவத்தில் நிற்க வேண்டும். அழுத்திய இடத்தில் சல்லி நொறுநொறுவென்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் புரட்டுங்கள். பல நேரம் தேவைப்படுவது தண்ணீர் அல்ல, இன்னும் இரண்டு புரட்டு. ஓரத்தில் சாம்பல் தண்ணீர் பிரிந்து ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது.

குழைத்ததை ஒரு மணித்தியாலத்துக்குள் கொட்டி இறுக்கி முடித்துவிடுங்கள். இறுகத் தொடங்கிய கலவைக்குத் திரும்பத் தண்ணீர் ஊற்றிக் கிண்டுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். செய்யாதீர்கள்.

கல்லடிக் கரை

தண்ணீர் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் வீடு சுனாமிக்குப் பிறகு கட்டியது. அப்போது அவசரம். கட்டியவர் கடற்கரைப் பக்கம் குழி தோண்டி வந்த தண்ணீரிலேயே குழைத்தார் என்று அம்மா சொல்வார். இப்போது விறாந்தைத் தூண்கள் நாலும் கம்பியின் நீளத்துக்கு மேலிருந்து கீழாக வெடித்திருக்கின்றன. விரலால் தட்டினால் உள்ளே வெறுமையாகச் சத்தம் கேட்கிறது. ஒரு தூணில் மூலை கழன்று விழுந்து கம்பி தெரிகிறது. 12 மில்லிமீற்றர் கம்பி சில இடத்தில் பென்சில் அளவுகூட இல்லை, துருவை உரித்தால் தகடு தகடாக வருகிறது. சுனாமியில் எல்லாவற்றையும் இழந்து நின்ற சனத்துக்குக் கட்டிக் கொடுத்த வீடு இது. இருபது வருடத்தில் இப்படி ஆகிவிட்டது என்பதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. தம்பி, சவர்த் தண்ணீரில் தூண் போட வேண்டாம்.

கட்டடக்காரி

உங்கள் ஆத்திரம் நியாயமானது. நான் பார்த்த கரையோர வீடுகளில் திரும்பத் திரும்பக் கண்டதும் இதுதான்.

நல்ல கொங்கிறீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை வைத்திருக்கும். உப்பிலுள்ள குளோரைட் அந்தப் படலத்தை உடைத்துவிடும். அப்புறம் துரு பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் எடுக்கும், அதற்கு இடம் இல்லாமல் வெளிக் கொங்கிறீட்டைப் பிளந்து தள்ளும். அதனால்தான் வெடிப்பு கம்பியின் வழியே நேராக ஓடுகிறது.

கம்பி உள்ள கொங்கிறீட்டில் குளோரைட் சீமெந்தின் எடையில் 0.4 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான எல்லை. ஒரு பைக்கு 200 கிராம். ஒரு லீற்றர் கடல் தண்ணீரில் ஏறத்தாழ 19 கிராம் குளோரைட் இருக்கிறது. ஒரு பைக்கு 25 லீற்றர் கடல் தண்ணீர் ஊற்றினால் 475 கிராம். முதல் நாளே எல்லையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். பிறகு எந்தப் பூச்சும் வர்ணமும் அதை வெளியே எடுக்காது.

விறாந்தைத் தூண் கூரையைத் தாங்குகிறது என்றால் மேலே சீமெந்து பூசி மறைக்க வேண்டாம். அது துருவை உள்ளே வைத்துப் பூட்டுவது மட்டும்தான். கூரைக்கு முட்டு கொடுத்துவிட்டு ஒரு பொறியியலாளரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். கம்பி பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் அந்தத் தூணைத் திருத்துவதைவிட மாற்றுவதுதான் பொருத்தம்.

ஆரையூர்ப் பொடியன்

பயமாக இருக்கிறது. எங்கள் கிணறு கடல் தண்ணீர் அளவுக்கு இல்லை, தேநீர் வைத்தால் கொஞ்சம் தெரியும். அவ்வளவுதான். முழு வேலைக்கும் வெளியில் இருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டுமா?

கல்முனை மேசன்

நாக்கில் வைத்துப் பார், உப்புத் தெரிந்தால் வேண்டாம். நாங்கள் அப்படித்தான் பார்ப்போம்.

கட்டடக்காரி

காக்காவின் நாக்குச் சோதனையைத் தண்ணீருக்கு நானும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு லீற்றரில் 250 மில்லிகிராம் குளோரைட் அளவில் உப்புச் சுவை தெரியத் தொடங்கும். கம்பி போட்ட கொங்கிறீட்டுக்கு 500 வரை அனுமதிக்கும் தரக் குறிப்புகள் உண்டு, கம்பி இல்லாததற்கு 2000 வரை. ஆகவே நாக்குக்கு உப்பே தெரியாத தண்ணீர் பயம் இல்லாதது.

தம்பிக்கு நான் சொல்லும் வழி இது. கிணற்றடித் தளத்துக்குக் கம்பி வேண்டாம். கீழே நிலம் இறுகி இருந்தால் 4 அங்குலம் தானாக நிற்கும், உப்புக் காற்றில் கம்பி இல்லாதிருப்பதே அதற்கு நல்லது. அதை உங்கள் கிணற்றுத் தண்ணீரிலேயே குழையுங்கள். தூணுக்கும் மூடிக்கும் மட்டும் குழாய்த் தண்ணீர். மூன்று பைக்கு 90 லீற்றர், மூடிக்கு 45, கழுவ நனைக்க என்று ஒரு பரல் நிறையப் பிடித்து வைத்தால் போதும். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர் குழாயில் வருகிற வீடு பக்கத்தில் ஒன்றாவது இருக்கும்.

கல்லடிக் கரை

குழாய்த் தண்ணீரில் குளோரின் மணக்கிறதே, அது கம்பியைத் தின்னாதா?

கட்டடக்காரி

இல்லை. கிருமி கொல்லப் போடும் குளோரின் ஒரு லீற்றரில் பொதுவாக ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. நாம் பேசுவது நூற்றுக்கணக்கான மில்லிகிராம் உப்பைப் பற்றி. குடிக்கிற குழாய்த் தண்ணீரைத் தாராளமாகப் பாவிக்கலாம்.

வலையிறவு விவசாயி

வெள்ளை மண் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே.

கல்முனை மேசன்

வெள்ளை மண் என்றால் கடற்கரை மண். வேண்டாம். கையில் பிடித்தால் மாவு போல இருக்கும். பூச்சுக்கே வெடிக்கும்.

கட்டடக்காரி

மூன்று காரணம் இருக்கிறது. உப்பு ஒன்று. தண்ணீருக்குச் சொன்ன நாக்கு மண்ணுக்கு உதவாது. இடத்துக்கு இடம் உப்பு மாறும், மேல் மண் மழையில் கழுவப்பட்டிருக்கும், அடி மண் உவர்த்துக் கிடக்கும். கடல் மண்ணைப் பாவிக்கவே முடியாது என்று இல்லை. மேற்குக் கரையில் முத்துராஜவெலையில், கரைக்கு அப்பால் கடலடியில் இருந்து எடுத்த மண்ணைக் கழுவிக் கட்டட வேலைக்குக் கொடுக்கிறார்கள். அது சோதித்துத் தருவது, இங்கே ட்ரக்டரில் வருவது அப்படி அல்ல.

இரண்டாவது, மணி எல்லாம் ஒரே அளவு, நொய். நொய் மண் நிறையத் தண்ணீர் குடிக்கும். திரும்பவும் தண்ணீர்க் கணக்குக்கே வந்து நிற்போம். பெரியதும் சிறியதும் கலந்த ஆற்று மண்தான் கொங்கிறீட்டுக்கு.

மூன்றாவது சட்டம். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டத்தின்படி, கடலில் இருந்து 300 மீற்றர்வரை உள்ள கரையோர வலயத்தில் அனுமதி இல்லாமல் மண் எடுப்பது குற்றம். சட்டத்தை விடுங்கள். 2004 டிசம்பர் 26 ஐப் பார்த்த நாங்கள் கடற்கரை மேட்டை நாங்களே அள்ளி விற்பதா? கடலுக்கும் வீட்டுக்கும் நடுவில் எங்களுக்கு இருப்பது அந்த மேடுதானே. ஆற்று மண்ணுக்கும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. ட்ரக்டர்காரரிடம் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

ஆற்று மண் என்று வந்தாலும் சோதியுங்கள். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மண், முக்காலுக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி மூன்று மணித்தியாலம் அசைக்காமல் வையுங்கள். மண்ணின் மேல் சேறு ஒரு படையாக நிற்கும். அது மண்ணின் உயரத்தில் எட்டு வீதத்துக்கு மேல் இருந்தால் கழுவாமல் பாவிக்க வேண்டாம். சல்லியில் தூள் ஒட்டியிருந்தால் அதற்கும் தண்ணீர் அடியுங்கள். தூள் மூடிய சல்லியில் சீமெந்து பிடிக்காது.

கத்தாரில் களுவாஞ்சி

நான் தோஹாவில் கட்டட வேலையில் இருக்கிறேன். ஒன்று சேர்க்க விரும்புகிறேன். இது கச்சான் (சூடான மேல்காற்று) வீசும் காலம் என்றால் பகலில் கொங்கிறீட் போடாதீர்கள். இங்கே கோடையில் இரவில்தான் ஊற்றுவார்கள், கலவைத் தண்ணீரில் ஐஸ் போடுவார்கள். சூடும் காற்றும் சேர்ந்தால் மேல் பரப்பு அடிப்பகுதியைவிட முன்பே காய்ந்து, இறுகும் முன்னமே கீறல் விடும்.

கச்சான் வீசும்போது எங்கள் களுவாஞ்சிகுடியில் துவைத்த சாரம் கொடியில் போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். புதுக் கொங்கிறீட்டில் இருந்தும் அந்தக் காற்று அப்படித்தான் தண்ணீரை உறிஞ்சும். சல்லிக் குவியலை முதல் நாளே நிழலில் வைத்து நனைத்துவிடுங்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தொடங்குங்கள், இல்லாவிட்டால் விடியப்புறம். மட்டம் பிடித்து முடித்த உடனேயே மேலே பொலித்தீன். விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

வலையிறவு விவசாயி

கச்சானைப் பற்றிச் சொன்னது மெத்தச் சரி. படுவான்கரையில் நாங்கள் பட்டித் தரைக்குச் செய்தது: இறுகின மறுநாள் ஓரம் முழுக்கக் களிமண்ணால் வரம்பு கட்டி, வயலுக்குப் பாய்ச்சுவது போலத் தண்ணீர் நிறுத்தினோம். மறுகா ஒரு கிழமை வரம்பு உடையாமல் பார்த்துக்கொண்டோம். வாய்க்கால் பார்க்கிறவனுக்கு அது பெரிய வேலை இல்லை. மாடுகள் நின்று மிதித்தும் தரை இன்றுவரை கீறல் இல்லாமல் கிடக்கிறது.

கட்டடக்காரி

தளத்துக்கு அதைவிடச் சிறந்த முறை இல்லை. ஆரையம்பதி மணலில் களிமண் வரம்பு நிற்காவிட்டால் சாக்கை நனைத்துப் போட்டு, மேலே கிடுகோ பொலித்தீனோ மூடிக் கல் வையுங்கள். சாக்கு காயக்கூடாது. காலையும் மாலையும் ஒரு வாளி தெளித்துவிட்டுப் போவது நனைப்பு ஆகாது. கச்சானில் அது அரை மணித்தியாலம் தாங்காது. குறைந்தது ஏழு நாள், கலப்புச் சீமெந்து (நிலக்கரிச் சாம்பல் போன்றவை சேர்த்தது) என்றால் பத்துப் பதினாலு நாள். சாதாரணச் சீமெந்தில் ஏழு நாளில் 28 நாள் பலத்தின் மூன்றில் இரண்டு பங்கு வந்துவிடும், ஈரம் இருந்தால் மட்டும். காய்ந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

தூணுக்குச் சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டி, குழாய்த் தண்ணீரில் நனைத்து, வெளியே பொலித்தீன் சுற்றுங்கள். தூணைச் சவர்த் தண்ணீரால் நனைத்தால் நல்ல தண்ணீரில் குழைத்ததற்கே பலன் இல்லாமல் போகும்.

ஆரையூர்ப் பொடியன்

அக்கா, தூண் கம்பி வெளியே எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும்? சீமெந்து எது வாங்குவது? கடையில் மூன்று நாலு விதம் அடுக்கி இருக்கிறார்கள்.

கட்டடக்காரி

கடற்கரைப் பக்கத்துக்குக் கம்பிக்கு வெளியே ஒன்றரை அங்குலமாவது கொங்கிறீட் இருக்க வேண்டும். நிலத்துக்குள் போகும் பாதத்தில் இரண்டு முதல் மூன்று அங்குலம். அதைப் பிடித்து வைக்க உடைந்த ஓடு, பலகைத் துண்டு, கம்பித் துண்டு எதுவும் வைக்க வேண்டாம். அந்த இடத்தால்தான் ஈரம் போகும். ஒன்றுக்கு இரண்டு சாந்தை ஒன்றரை அங்குலத் தடிப்பில் பரப்பி, சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் கட்டுக்கம்பி குத்தி முன்கூட்டியே இறுக விடுங்கள். அதைக் கம்பியோடு கட்டினால் கம்பி இடம் மாறாது.

சீமெந்துப் பையில் எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தர நியம) இலக்கத்தைப் பாருங்கள். 107 என்பது சாதாரணப் போட்லண்ட் சீமெந்து, 1247 கலப்புச் சீமெந்து, இரண்டும் ஆகும். 515 என்று இருந்தால் அது கட்டுக்கும் பூச்சுக்கும் உரிய மேசனரிச் சீமெந்து, கம்பி வைத்த கொங்கிறீட்டுக்கு எடுக்காதீர்கள். அடைத்த திகதியையும் பாருங்கள். வாவிக் காற்றில் மூன்று மாதம் கிடந்த பை ஐந்தில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும். கட்டி விரலால் நசுக்கத் தூளாகாவிட்டால் அந்தப் பையைக் கொங்கிறீட்டுக்கு எடுக்கவே வேண்டாம். ஒன்பது பையையும் ஒன்றாக வாங்கி அடுக்காமல் அந்தந்த வேலைக்கு வாங்குங்கள்.

கல்முனை மேசன்

மெசின் பற்றிக் கேட்டாயே. இந்த மூன்று வேலையும் ஒரே நாளில் இல்லை, அதனால் வாடகை வீண். தூணுக்கு மட்டும் பக்கத்தில் யாராவது மெசின் வைத்திருந்தால் எடு. முதலில் கொஞ்சம் தண்ணீரும் சல்லியும், பிறகு மண்ணும் சீமெந்தும், இரண்டு நிமிடம் சுற்ற விடு. முதல் கலவைக்குச் சீமெந்தைக் கொஞ்சம் கூட்டிப் போடு, தொட்டியில் ஒட்டிக்கொள்ளும்.

தூணை இரண்டடி இரண்டடியாக நிரப்பி, ஒவ்வொரு முறையும் கம்பியால் குத்தி, பலகையை வெளியே சுத்தியலால் தட்டு. மேலே குமிழி வருவது நிற்கும்வரை குத்து. உச்சியில் இருந்து ஒரேயடியாகக் கொட்டினால் அடியில் சல்லி மட்டும் தேன்கூடு மாதிரி நிற்கும்.

கிணற்றடியை ஒரே துண்டாகப் போடாதே. வட்டம் நடுவில் இருப்பதால் எங்காவது வெடிக்கத்தான் செய்யும். கிணற்றில் இருந்து நாலு மூலைக்கும் மரச்சட்டம் வைத்து நாலு துண்டாகப் பிரி. எதிர் எதிர் இரண்டை முதல் நாள், மற்ற இரண்டை அடுத்த நாள். இரண்டு பேருக்கு வேலையும் இலகு. இடைவெளியில் பிறகு தார் உருக்கி ஊற்று. கிணற்றுக் கட்டில் இருந்து வெளியே ஒரு அங்குலம் சரிவு கொடு, ஓரத்தில் ஒரு வாய்க்கால். கீழே மணலை நனைத்து இடித்துவிட்டுப் பொலித்தீன் விரி. இல்லாவிட்டால் மணல் உன் தண்ணீரைக் குடித்துவிடும்.

கட்டடக்காரி

மூடி பற்றி ஒன்று. 4 அடிச் சதுரம், 4 அங்குலம் என்றால் எடை 360 கிலோ. யார் தூக்குவது? ஓரடி அகலம், நாலடி நீளம் என்று நாலு துண்டாக வார்த்தெடுங்கள், ஒன்று 90 கிலோ, நாலு பேர் தூக்கி வைக்கலாம். நிலத்தில் பொலித்தீன் மேல் சட்டம் வைத்துப் போடுங்கள். கம்பி அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும், அங்கேதான் இழுவிசை வரும். மேல் பக்கத்தில் ஈரமாக இருக்கும்போதே ஆணியால் ‘மேல்’ என்று கீறி விடுங்கள். தலைகீழாக வைத்தால் கம்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். பதினாலு நாளுக்கு முன் தூக்க வேண்டாம்.

அந்தக் குழி கிணற்றில் இருந்து 50 அடியாவது தள்ளி இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள். மணல் நிலம், தண்ணீர் வேகமாக நகரும்.

ஆரையூர்ப் பொடியன்

இப்போதுதான் நாடா பிடித்துப் பார்த்தேன். 32 அடிதான் இருக்கிறது.

கட்டடக்காரி

அப்படியென்றால் மூடி போடுவதை நிறுத்துங்கள். வளவின் வாவிப் பக்க மூலையில் இடம் இருந்தால் புதுக்குழி அங்கே. பக்கத்து வளவுக் கிணற்றில் இருந்தும் அதே 50 அடி வர வேண்டும், அவர்களையும் கூப்பிட்டு அளந்து பாருங்கள். பழையதை மணலால் மூடிவிடலாம். தளத்தையும் தூணையும் முதலில் முடியுங்கள்.

கல்முனை மேசன்

குழி மாற்றுவதென்றால் கொங்கிறீட் வளையம் இறக்க வேண்டி வரும், அது இரண்டு பேர் வேலை இல்லை. வருகிற கிழமை எனக்குத் தாழங்குடாவில் வேலை இருக்கிறது. வழியில் இறங்கி இடத்தைப் பார்க்கிறேன். அளவுப் பெட்டியையும் கொண்டுவருகிறேன். கையுறை இரண்டு சோடி வாங்கி வை தம்பி, வெறுங்கையால் சீமெந்து அள்ளினால் தோல் வெந்துபோகும்.